சேர்த்தலும் கழித்தலும்: அளவுருசார் திண்ம மாதிரியாக்கத்தில் செயல்வரிசையின் இடம் – கோயம்புத்தூர் பம்பு வார்ப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி வடிவமைப்பில் ஒரு பொறியுறுப்பின் உருவம், எளிய திண்மங்களை ஒன்றோடொன்று சேர்த்தும் அவற்றிலிருந்து துளைகளைக் கழித்தும் உருவாக்கப்படுகிறது. இச்செயல்கள் எந்த வரிசையில், எத்தகைய அளவுத் தொடர்புகளுடன் எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தே, பின்னாளில் அளவு மாறும்போது அம்மாதிரி நிலைப்பதும் சிதைவதும் அமைகின்றன. வார்ப்படப் பொருளுக்கான மாதிரி, வார்ப்பகத்தில் அப்பொருள் உருவாகும் வரிசையையே பின்பற்ற வேண்டும் என்பதைக் கோயம்புத்தூரின் பம்பு உறுப்புகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இப்பாடத்தைத் தமிழில் கற்பிக்கையில் எழும் கலைச்சொல் சிக்கல் ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திண்ம மாதிரியாக்கம், அளவுரு, பூலியன் செயல்கள், செயல்வரிசை, வார்ப்படம், பேட்டர்ன், கோர், கோயம்புத்தூர்.

முன்னுரை

கொங்கு நாட்டின் வேளாண்மை கிணற்றை நம்பியது. பாறைப்பாங்கான நிலத்தில் ஆழமாக வெட்டப்பட்ட கிணறுகளிலிருந்து நீரை மேலேற்றும் தேவை, இப்பகுதியில் பம்புத் தொழில் வேரூன்றியதற்கு ஒரு காரணம். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூரை எட்டியது, நூற்பாலைகள் பெருகின, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் வார்ப்பகங்களும் தோன்றின. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937-இல் மின்மோட்டாரை உருவாக்கியது இவ்வளர்ச்சியின் முதன்மையான கட்டம். 1945-இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-இல் தொடங்கிய கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை இத்தொழிலுக்குப் பொறியாளர்களை உருவாக்கித் தந்தன.

இத்தொழிலில் வடிவமைப்பு நெடுங்காலம் இருவர் கையில் இருந்தது. ஒருவர் வரைபலகையில் படம் வரைபவர். மற்றவர் அப்படத்தைப் பார்த்து மரத்தில் பேட்டர்ன் செய்பவர். படத்தில் இல்லாத பலவற்றைப் பேட்டர்ன் செய்பவர் தம் அனுபவத்தால் சேர்த்துக்கொண்டார். எங்கே கடைசலுக்கு மிகை விட வேண்டும், எந்தத் துளையை வார்ப்பிலேயே கொண்டுவர வேண்டும், எதைப் பின்னர் துளையிட வேண்டும் என்பன அவர் முடிவுகள். இன்று முப்பரிமாண மாதிரி கணினியில் உருவாகி, அதிலிருந்தே பேட்டர்னும் எந்திரத்தால் வெட்டப்படுகிறது. முன்பு பேட்டர்ன் செய்பவர் எடுத்த முடிவுகளை இப்போது மாதிரியை உருவாக்குபவரே எடுத்தாக வேண்டும். ஆயினும் வகுப்பறைகளில் மென்பொருளின் கட்டளைகள் கற்பிக்கப்படும் அளவுக்கு அவற்றின் தருக்கம் கற்பிக்கப்படுவதில்லை. அத்தருக்கத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்மங்களின் கணக்கு

ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட தருக்க இயற்கணிதத்திலிருந்து கணங்களின் மீதான செயல்கள் பெயர் பெற்றன. ஒரு திண்மத்தைப் புள்ளிகளின் கணமாகக் கருதினால், அச்செயல்களைத் திண்மங்களுக்கும் பொருத்தலாம். அவை மூன்று. இரண்டு திண்மங்களுள் ஏதேனும் ஒன்றிலாவது அடங்கும் புள்ளிகள் அனைத்தையும் எடுத்துக்கொள்வது சேர்த்தல். ஒன்றில் அடங்கி மற்றொன்றில் அடங்காதவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது கழித்தல். இரண்டிலும் அடங்குவனவற்றை எடுத்துக்கொள்வது பொதுப்பகுதி காணல்.

இச்செயல்களை அப்படியே திண்மங்களுக்குப் பயன்படுத்துவதில் ஓர் இடர் உண்டு. இரண்டு கனசதுரங்கள் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டி நின்றால், அவற்றின் பொதுப்பகுதி தடிமனே இல்லாத ஒரு தளம். அது கணிதத்தில் பொருளுடையது. ஆனால் அதை வார்க்கவோ கடையவோ இயலாது. 1970-களில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வோல்க்கர், அரிஸ்டைட்ஸ் ரெக்விச்சா ஆகியோர் தலைமையில் நடந்த ஆய்வு இச்சிக்கலுக்கு விடை தந்தது. செயலின் விளைவில் கனஅளவற்ற தளங்களையும் கோடுகளையும் நீக்கிவிட்டு, உட்பகுதியும் அதை மூடும் பரப்பும் மட்டும் எஞ்சுமாறு செயல்களை ஒழுங்குபடுத்தினர். அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் இயான் பிரெய்டு, திண்மத்தை அதன் எல்லைப் பரப்புகளால் குறிக்கும் முறையை வளர்த்தார். இன்றைய மென்பொருள்களில் இவ்விரு மரபுகளும் இணைந்துள்ளன: பயனர் சேர்த்தலும் கழித்தலும் செய்கிறார், மென்பொருளோ விளைவை முகங்கள், விளிம்புகள், முனைகள் எனச் சேமிக்கிறது.

துளையைக் கணினி எவ்வாறு அறிகிறது என்பதற்கு ஆய்லரின் சமன்பாடு நல்ல விளக்கம். ஒரு கனசதுரத்தில் 8 முனைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள் உள்ளன. முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 கிடைக்கும். அதே கனசதுரத்தில் சதுர வடிவத் துளை ஒன்றை மேலிருந்து கீழ்வரை ஊடுருவச் செய்தால், முனைகள் 16, விளிம்புகள் 24, முகங்கள் 10 ஆகின்றன. மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் துளை வாயைச் சுற்றி இரண்டு உள்வளையங்கள் தோன்றுகின்றன. 16-இலிருந்து 24-ஐக் கழித்து, 10-ஐக் கூட்டி, உள்வளையங்கள் இரண்டையும் கழித்தால் விடை சுழி. ஊடுருவும் துளை ஒன்று வந்ததும் கணக்கு 2-இலிருந்து சுழிக்கு இறங்குகிறது. முறையாக மூடப்பட்ட திண்மமா என்பதைச் சரிபார்க்க இத்தகைய கணக்கு உதவுகிறது.

வரிசையின் விளைவு

கூட்டல் மட்டும் செய்தால் வரிசை பொருட்டன்று. எதை முதலில் சேர்த்தாலும் விளைவு ஒன்றே. கழித்தல் மட்டும் செய்தாலும் அவ்வாறே. நான்கு துளைகளை எந்த வரிசையில் இட்டாலும் தட்டு ஒன்றே. இவ்விரண்டும் கலக்கும்போதுதான் வரிசை விளைவை மாற்றுகிறது.

பம்பின் குழாய் இணைப்பில் வரும் ஃபிளேன்ஜ் போன்ற ஓர் உறுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 150 மி.மீ. விட்டமும் 16 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத்தட்டு. அதன்மேல் 70 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. உயரமும் உள்ள உருளைப் புடைப்பு. இரண்டையும் ஊடுருவும் 50 மி.மீ. நடுத்துளை, 110 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் மீது சமதூரத்தில் 14 மி.மீ. போல்ட் துளைகள் நான்கு.

தட்டையும் புடைப்பையும் முதலில் சேர்த்து, பின்னர் நடுத்துளையைக் கழித்து, போல்ட் துளைகளையும் கழித்தால் எஞ்சும் கனஅளவு ஏறத்தாழ 317 கன செ.மீ. வார்ப்பிரும்பின் அடர்த்தியைக் கன செ.மீ.க்கு 7.2 கிராம் எனக் கொண்டால் எடை 2.28 கிலோ. தட்டில் நடுத்துளையை முதலில் இட்டுவிட்டு, திண்ம உருளையாகப் புடைப்பைப் பின்னர் சேர்த்தால், துளை தட்டோடு நின்றுவிடும். புடைப்பு அடைபட்டே இருக்கும். எடை 2.85 கிலோ ஆகும். செயல்களும் அளவுகளும் ஒன்றே. வரிசை மட்டுமே மாறியது. நீர் செல்ல வேண்டிய வழி மூடிவிட்டது.

இப்பிழையைத் திரையில் உடனே கண்டுவிடலாம். உள்ளறைகள் பல கொண்ட பம்பு உறையில் அவ்வாறு காண்பது எளிதன்று. வெளிப்பார்வைக்கு உருவம் சரியாக இருக்க, உள்ளே ஒரு வழி அடைபட்டிருக்கக்கூடும். குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பார்ப்பதும், கனஅளவைக் கணக்கிட்டு எதிர்பார்த்த எடையோடு ஒப்பிடுவதும் இதனால்தான் மாதிரியைச் சரிபார்க்கும் முதல் வழிகளாகின்றன.

அளவு எண்ணும் அளவுத் தொடர்பும்

1980-களின் பிற்பகுதியில் வந்த புரோ-எஞ்சினியர் மென்பொருள் அளவுருசார் மாதிரியாக்கத்தைத் தொழில்துறையில் பரவலாக்கியது. 1995-இல் வெளியான சாலிட்ஒர்க்ஸ் அதைச் சாதாரணக் கணினிக்கும் கொண்டுவந்தது. இம்முறையில் மாதிரி என்பது எவ்வாறு உருவாக்குவது என்று கூறும் செயல்களின் பட்டியல். அளவு ஒன்றை மாற்றினால், பட்டியல் முதலிலிருந்து மீண்டும் நிறைவேற்றப்படுகிறது. ஒரே பம்பைப் பல குதிரைத்திறன்களில், பல குழாய் அளவுகளில் செய்யும் கோயம்புத்தூர்த் தொழிலுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஆயினும் அதன் பயன், அளவுகள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தது.

மேற்கூறிய உறுப்பில் நடுத்துளையை 50-இலிருந்து 70 மி.மீ.க்கு மாற்ற வேண்டியுள்ளது எனக் கொள்வோம். புடைப்பின் விட்டம் 70 என்று வெறும் எண்ணாக எழுதப்பட்டிருந்தால், துளையும் புடைப்பும் ஒரே அளவாகிவிடும். கழித்தலின் விளைவாகப் புடைப்பு முழுவதும் மறைந்து, துளையிட்ட தட்டு மட்டும் எஞ்சும். கணித நோக்கில் அது குறையற்ற திண்மம். ஆதலால் மென்பொருள் எச்சரிக்க வேண்டிய கட்டாயமில்லை. புடைப்பின் விட்டம் "நடுத்துளை விட்டத்துடன் 20" என எழுதப்பட்டிருந்தால் அது 90 ஆகும். சுவரின் தடிமன் 10 மி.மீ. ஆகவே நீடிக்கும். வடிவமைப்பாளரின் உண்மையான கருத்து சுவர்த் தடிமனே. அதை அளவுருவாக எழுதியிருந்தால் கருத்து காக்கப்பட்டிருக்கும்.

போல்ட் துளைகளுக்கும் இதுவே பொருந்தும். அவற்றின் வட்டம் 110 என்ற எண்ணாகவே இருந்தால், புடைப்பு 90 ஆகும்போது போல்ட்டின் தலை அதை முட்டும். 12 மி.மீ. போல்ட்டின் அறுகோணத் தலை மூலைக்கு மூலை ஏறத்தாழ 20 மி.மீ.; துளையின் மையம் 55 மி.மீ. தூரத்தில் இருக்க, தலையின் மூலை 45 மி.மீ.யை எட்டும். புடைப்பின் ஆரமும் 45. ஸ்பேனர் நுழைய இடமில்லை. வட்டத்தைத் தட்டு விட்டத்துக்கும் புடைப்பு விட்டத்துக்கும் சராசரி என எழுதினால் அது 120 ஆக நகரும். முட்டல் நீங்கும், ஆனால் துளையின் விளிம்புக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையில் 13 மி.மீ. இருந்தது 8 மி.மீ. ஆகக் குறையும். ஒரு தொடர்பு மட்டும் போதாது. "இவ்விளிம்புத் தூரம் இன்ன அளவுக்குக் குறையலாகாது" என்ற வரம்பையும் எழுத வேண்டும். அப்போதுதான் தட்டின் விட்டமும் வளர வேண்டியது தெரியவரும்.

துளையின் ஆழத்தைக் குறிப்பதிலும் இதே கவனம் தேவை. ஊடுருவ வேண்டிய துளையை 16 மி.மீ. ஆழம் என எழுதினால், தட்டு 20 மி.மீ. ஆகும் நாளில் அடியில் 4 மி.மீ. தடுப்பு நிற்கும். "முழுவதும் ஊடுருவுக" என்று எழுதினால் அவ்விடர் இல்லை. கழிக்கும் உருளையைத் தனித் திண்மமாக வரைவோர், அதை இருபுறமும் தட்டைத் தாண்டிச் சற்று நீளச்செய்வது நல்லது. இரண்டு திண்மங்களின் முகங்கள் ஒரே தளத்தில் சரியாகப் படியும் இடங்களில்தான் கணக்கீட்டுத் துல்லியப் பிழைகள் பெரும்பாலும் எழுகின்றன.

வார்ப்பகத்தில் துளை

மேற்கூறியவை எல்லா உறுப்புகளுக்கும் பொதுவானவை. வார்ப்படப் பொருளில் மற்றொரு கேள்வி எழுகிறது: இத்துளை எப்போது தோன்றுகிறது?

நடுத்துளை வார்ப்பின்போதே தோன்றுகிறது. அதன் இடத்தில் மணலால் செய்த கோர் வைக்கப்பட்டு, அதைச் சுற்றி உலோகம் ஊற்றப்படுகிறது. 14 மி.மீ. போல்ட் துளைக்குக் கோர் வைப்பது வழக்கமன்று. மெல்லிய கோர் உடையும், உலோகத்தோடு உருகி ஒட்டும். அத்துளை பின்னர் துளையிடப்படுகிறது. திரையில் இரண்டும் ஒரே கழித்தலாகத் தோன்றினாலும், உற்பத்தியில் அவை இரு வேறு நிகழ்வுகள்.

நடுத்துளையும் நேரடியாக 50 மி.மீ. ஆக வார்க்கப்படுவதில்லை. பக்கத்துக்கு 3 மி.மீ. கடைசல் மிகை விட்டால் வார்ப்பில் துளை 44 மி.மீ.; லேத்தில் கடைந்தபின் 50. சாம்பல்நிற வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்குவதால், பேட்டர்னும் கோர் பெட்டியும் அந்த விழுக்காட்டளவு பெரிதாக இருக்க வேண்டும். 150 மி.மீ. தட்டுக்குப் பேட்டர்ன் 151.5 மி.மீ. தட்டின் வெளிப்பரப்பையும் கடைய வேண்டுமெனில் அதற்கான மிகை தனி.

இங்கே சேர்த்தலும் கழித்தலும் இடம் மாறுகின்றன. கோர் மணலச்சில் நிலையாக அமர இடம் வேண்டும். அவ்விடத்தை உண்டாக்கப் பேட்டர்னில் துளை வர வேண்டிய முனைகளில் புடைப்புகள் சேர்க்கப்படுகின்றன. பட்டறை வழக்கில் அவை கோர் பிரிண்ட். முடிந்த உறுப்பில் கழித்தலாக இருக்கும் துளை, பேட்டர்னில் சேர்த்தலாக நிற்கிறது. மணலில் பேட்டர்ன் விட்டுச்சென்ற குழிவிலிருந்து கோரைக் கழித்தால் கிடைப்பதே வார்ப்பு. புடைப்பின் அளவு குழிவிலும் உண்டு, கோரிலும் உண்டு. ஆதலால் கழித்தலில் அது நீங்கிவிடுகிறது. பேட்டர்ன் செய்பவர்கள் தலைமுறைகளாகக் கையாளும் இக்கணக்கு, பூலியன் செயல்களின் நேரடிப் பயன்பாடே.

எனவே ஒரு வார்ப்பட உறுப்பின் செயல்வரிசை பின்வருமாறு அமைவது பொருத்தமானது. முதலில் வார்ப்பின் திண்மங்கள் சேர்க்கப்படும். அடுத்துக் கோரால் உண்டாகும் உள்வெளிகள் கழிக்கப்படும். அதன்பின் மணலிலிருந்து பேட்டர்னை உருவுவதற்கான சாய்வும், மூலைகளின் வளைவும் இடப்படும். கடைசல், துளையிடல், மரை வெட்டல் ஆகியவை இறுதியில் வரும். அவ்வாறு எழுதினால், இறுதிப் பகுதியை மட்டும் நிறுத்திவைத்து வார்ப்பின் மாதிரியைப் பெறலாம். அதைச் சுருக்க அளவுக்குப் பெரிதாக்கி, கோர் பிரிண்ட்களைச் சேர்த்துப் பேட்டர்னைப் பெறலாம். உறுப்பு, வார்ப்பு, பேட்டர்ன் ஆகிய மூன்றும் ஒரே மாதிரியிலிருந்து பிறக்கும்; ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றுக்கும் செல்லும். செயல்வரிசை கலைந்திருந்தால் மூன்றையும் தனித்தனியே திருத்த நேரும். எவரேனும் ஒன்றை மறப்பர்.

நீர் செல்லும் வெற்றிடம்

மையவிலக்குப் பம்பின் உறையில் இக்கருத்து முழு வடிவம் பெறுகிறது. இம்பெல்லரிலிருந்து வெளியேறும் நீரைத் திரட்டி வெளிவாய்க்குக் கொண்டுசெல்லும் சுருள்வழி, சுற்றிச்செல்லச் செல்ல அகன்றுகொண்டே போகிறது. பம்பின் திறன் இவ்வெற்றிடத்தின் வடிவத்தைப் பெரிதும் சார்ந்தது. இரும்புச் சுவரின் கடமை அவ்வடிவத்தைத் தாங்கி நிற்பது.

இதனால் உறையின் வெளிப்புறத்தை முதலில் வரைந்து, உட்புறத்தை வேறாக வரைந்து கழிப்பது உகந்த முறையன்று. இரண்டும் தனித்தனி வளைவுகளாக இருப்பின், சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அமையும். தடித்த இடம் தாமதமாகக் குளிர்ந்து சுருக்கக் குழிக்கு இடம்தரும். மெலிந்த இடத்தில் கோர் சற்று விலகினாலும் சுவர் போதாது போகும். இவை பெரும்பாலும் நீரழுத்தச் சோதனையில்தான் வெளிப்படும். அதற்குள் இரும்பு உருக்கிய மின்சாரமும் கடைந்த உழைப்பும் செலவாகியிருக்கும்.

நீர் நிறையும் வெளியையே முதலில் ஒரு திண்மமாக உருவாக்குவது மாற்று முறை. அதன் பரப்பிலிருந்து சுவர்த் தடிமன் அளவுக்கு வெளியே நகர்த்திய உருவை வெளித்திண்மமாகக் கொண்டு, தாங்குகால்களையும் ஃபிளேன்ஜுகளையும் சேர்த்து, இறுதியில் நீர்த் திண்மத்தைக் கழிக்கலாம். தடிமன் ஒரே அளவுருவாக நிற்கும். கழிக்கப்பட்ட அதே நீர்த் திண்மம், சுருக்கமும் மிகையும் கணக்கிடப்பட்டுக் கோர் பெட்டிக்கும் பயன்படும். நீரோட்டத்தைக் கணினியில் ஆராயும் களமாகவும் அமையும். ஒரு வெற்றிடத்தைத் திண்மமாகக் காணப் பழகுவதே இம்முறையின் அடிப்படை.

முகங்களின் பெயர் மாறும் சிக்கல்

செயல்வரிசை சரியாக இருந்தும் மாதிரி சிதைவதுண்டு. மென்பொருள் தான் உருவாக்கும் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் உள்ளுக்குள் பெயரிடுகிறது. "ஆறாம் முகத்தின்மேல் இத்துளை" என்று பயனர் அறியாமலே குறிப்பு பதிவாகிறது. முன்னுள்ள படியில் ஒரு புடைப்பைச் சேர்த்தால் முகங்களின் வரிசை மாறி, துளை வேறொரு முகத்துக்குத் தாவிவிடலாம். திறமூல மென்பொருளான ஃபிரீகேட் இச்சிக்கலால் நெடுங்காலம் இடருற்றது. 2024 நவம்பரில் வெளியான அதன் 1.0 பதிப்பு இதைப் பெருமளவு தணித்தது. எம்மென்பொருளாயினும், துளைகளை உருவான முகங்களின்மீது வரையாமல், தொடக்கத்திலேயே நிறுவிய அடிப்படைத் தளங்களையும் அச்சுகளையும் சார்ந்து வரைவது பாதுகாப்பானது. பம்பில் அத்தகைய இயல்பான அடிப்படை சுழல்தண்டின் அச்சு. லேத்தில் வார்ப்பைப் பொருத்தும்போதும் அதே அச்சே ஆதாரம் என்பதால் மாதிரியும் பட்டறையும் இணங்கிநிற்கும்.

"வெட்டு" என்னும் சொல்

இப்பாடத்தைத் தமிழில் கற்பிக்க முயலும்போது ஒரு சொல் தடையாகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதத்தில் கணங்களின் செயல்கள் சேர்ப்பு, வெட்டு, வித்தியாசம் எனப்படும். அங்கே "வெட்டு" என்பது இரண்டுக்கும் பொதுவான பகுதி. பட்டறையில் "வெட்டு" என்றால் நீக்குதல். "அ-வை ஆ-வால் வெட்டுக" என்ற தொடரைப் பள்ளிக் கணிதம் கற்றவர் பொதுப்பகுதியாகவும், பட்டறையில் பயின்றவர் கழித்தலாகவும் கொள்வர். இரண்டின் விளைவும் நேரெதிர்: ஒருவர் எடுத்து வைப்பதை மற்றவர் எறிகிறார்.

ஆதலால் திண்ம மாதிரியாக்கத்தில் சேர்த்தல், கழித்தல், பொதுப்பகுதி காணல் என்ற வினைப்பெயர்களைக் கொள்வது தெளிவு தரும். துளை வகைகளையும் வேறுபடுத்த வேண்டும். ஊடுதுளை, அடிமூடிய துளை, கோர்த்துளை, மரைத்துளை, காடி என்பன ஒவ்வொன்றும் தனிச் செயலைக் குறிப்பவை. "ஓட்டை" என்ற பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைக்கும். பேட்டர்ன், கோர், லேத் போன்ற பட்டறைச் சொற்கள் தொழிலாளர் நாவில் நிலைபெற்றவை. அவற்றை அவ்வாறே ஏற்பது கற்பவருக்கு உதவும். புதுச்சொல் தேவைப்படுவது, பழகிய சொல் இரு பொருள் தரும் இடத்தில்தான்.

முடிவுரை

திண்மங்களைச் சேர்ப்பதும் துளைகளைக் கழிப்பதும் எளிய செயல்கள். அவை கலந்து வரும்போது வரிசை உருவத்தை மாற்றுகிறது. அளவுகள் எண்ணாக மட்டும் எழுதப்படும்போது வடிவமைப்பாளரின் கருத்து இழக்கப்படுகிறது. வார்ப்பில் தோன்றும் துளையும் பின்னர் இடப்படும் துளையும் பிரிக்கப்படாதபோது மாதிரி பேட்டர்னுக்குப் பயன்படாது போகிறது. வார்ப்பகத்தின் வரிசையைப் பின்பற்றும் செயல்வரிசை இம்மூன்று இடர்களையும் தவிர்க்க உதவுகிறது. கோயம்புத்தூரின் பேட்டர்ன் செய்பவர்கள் எழுதிவைக்காத அறிவு, இவ்வகையில் மாதிரியின் வரிகளிலேயே எழுதிவைக்கத்தக்கது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பலதொழில்நுட்பக் கல்லூரிகளிலும் திண்ம மாதிரியாக்கம் கற்பிப்போர், மாணவர்களைக் கணினியின் முன் அமர்த்துவதற்கு முன் ஒரு வார்ப்பகத்துக்கு அழைத்துச் சென்று, கோர் வைக்கப்படுவதைக் காணச் செய்வது இப்பாடத்தின் நல்ல தொடக்கமாக அமையும்.